மரியநாயகம் எஞ்சினை மெதுவாக்கிய கதை

பிரிக்பீல்ட்ஸில் மரியநாயகத்தைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் யுத்தத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவராக இருப்பார். முன்னாலேயே இருந்தவர்களுக்கு அவனைக் கண்ணால் தெரியாவிட்டாலும் காதால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே மோட்டார் சைக்கிளை உதைப்பான். என் சாப்பாட்டுக் கடை அலமாரியில் கிளாஸ்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். "பாய், ஒரு தேத்தண்ணி" என்று அவன் வாசலில் வந்து நிற்பதற்குள் ஒன்றாவது விரிசல் விட்டிருக்கும்.

ஆள் குள்ளம். தடித்த கழுத்து. வலது முன்னங்கையில் புகைக்குழாய் சுட்ட தழும்பு, ஒரு சாண் நீளம். ரயில்வே பட்டறையில் நீராவி எஞ்சின் ஃபிட்டராகப் பதினேழு வருசம் இருந்தவன். அவன் மனைவி கெர்ட்ரூட் அவனைவிட அரை அடி உயரம். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் சட்டையும் தைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போனால் தெருவே சிரிக்கும். அவனும் சிரிப்பான். "தூரத்துல வர்ற போலீஸ்காரன பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்லா பாய், அதான் கட்டிக்கிட்டேன்" என்பான்.

அந்த மோட்டார் சைக்கிள் முப்பதாம் வருசம் பந்தயத்துக்கென்றே இங்கிலீஷ்காரன் செய்தது. ஒற்றை சிலிண்டர். கேரி தீவில் இருந்த ஒரு தோட்டத்துத் துரை அதைக் கொண்டுவந்து பந்தயம் ஓட்டினான். ஒருநாள் வாய்க்காலில் விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டு, இனி இதன் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டான். மரியநாயகம் அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு வருசம் அதோடு கிடந்தான். முப்பத்தேழில் அவனே ஓட்டி ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவன் வண்டி அந்த வருசம்தான் கப்பலில் இறங்கிய புது வண்டி என்பதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று எனக்குக் கணக்கில்லை.

ஜப்பான்காரன் வந்தபோது ஓடுகிற வண்டியெல்லாம் பறிபோனது. மரியநாயகம் அதற்கு முந்தியே தன்னுடையதைக் கழற்றிவிட்டான். எஞ்சின் அரிசி டிரம்முக்குள். சக்கரங்கள் கோழிக்கூட்டுக்கு மேலே. பெட்ரோல் தொட்டி, கெர்ட்ரூடின் வெட்டுத்துணி மூட்டைக்குள். அப்புறம் குண்டுக்குப் பயந்து இரண்டு பேரும் கிள்ளானில் அவள் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் பட்டறையில் அவன் இடத்தில் வேறு ஆள். ஆக, பதினேழு வருசத்து ஃபிட்டரின் கையில் வேலைச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாதவனைத்தான் அப்போது சியாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்தார்கள். போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வந்து நாங்கள் பார்க்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருசம் ஒரு மத்தியானம் கிராணி இராமலிங்கம் கடைக்கு வந்தார். ஜப்பான்காரனின் உணவுச் சாமான் கிட்டங்கி ஒன்றில் எழுத்து வேலை அவருக்கு. அவித்த மரவள்ளிக்கிழங்கை முன்னால் வைத்தேன். தொடவில்லை.

"பாய், நாயகம் அண்ணன் எங்க?"

"வீட்லதான். என்ன?"

"சியாம் லிஸ்ட்ல பேர் இருக்கு. இன்னும் இருபத்தோரு நாள்."

நான் கடையை அப்படியே விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கெர்ட்ரூட் மிஷினை நிறுத்தினாள். கிராணி வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு வழி இருக்கு. கிள்ளான்ல உப்பும் கருவாடும் மூட்டை மூட்டையா கெடக்கு. ரயில்ல எடம் இல்ல, லோரியெல்லாம் பட்டாளத்துக்குப் போயிருச்சு. எங்க ஆபீசர் தலையப் பிச்சுக்கிறான். எங்க ஆளு ஒருத்தர்கிட்ட எஞ்சின் இருக்குன்னு அவன்கிட்ட மெதுவா சொன்னேன். கிள்ளான்லேருந்து எட்டு மூட்டையோட நிக்காம பிரிக்பீல்ட்ஸ் வந்து சேந்தா, வண்டிக்கும் ஆளுக்கும் சீட்டு தர்றேன்னான். கூடவே வந்து பாப்பானாம்."

"எட்டு மூட்டைக் கருவாடா? இதுலயா?" என்றான் மரியநாயகம். "கிராணி, இது குதிரை."

"குதிரைய வச்சுக்கிட்டு சியாமுல பந்தயம் விடு, போ" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் அப்படித்தான். கெர்ட்ரூட் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நாலு நாளில் கழற்றிப்போட்ட வண்டியைத் திரும்பப் பூட்டி, பக்கத்தில் மூன்றாவது சக்கரம் வைத்துப் பலகைப் பெட்டி கட்டினான். பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போட்டான். அப்போது கிடைத்தது ரப்பரைக் காய்ச்சி இறக்கிய பெட்ரோல்தான். பழைய செருப்பை எரித்த நாற்றம் அடிக்கும். அதற்கு எஞ்சின் உள்ளுக்குள் இடித்து உதைக்காமல் இருக்க, அழுத்தம் குறையச் சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடும் கொடுத்தான். ஆறு மூட்டை மணல் ஏற்றிப் பார்த்தோம். சம தரையில் கத்திக்கொண்டு ஓடியது. பாலத்து ஏற்றம் வந்ததும் இரண்டு இருமல் இருமி நின்றது. நானும் அவனும் தள்ளிக்கொண்டு வந்தோம். மூன்று தடவை பார்த்தோம், மூன்று தடவையும் தள்ளினோம்.

அன்றைக்குத்தான் அவன் எனக்குக் கேம் என்றால் என்ன என்று காட்டினான். எஞ்சின் வயிற்றுக்குள் ஒரு உள்ளங்கை நீளம் இருக்கும் தண்டு. அதில் முட்டையின் கூர்முனை மாதிரி இரண்டு மேடுகள். தண்டு சுற்றும்போது ஒரு மேடு காற்று வருகிற வால்வைத் தூக்கும், மற்றது புகை போகிற வால்வைத் தூக்கும். எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மேட்டின் உருவத்தில்தான் இருக்கிறது.

"இது பந்தயக் கேம் பாய். ரெண்டு வால்வையும் ரொம்ப நேரம் தொறந்து வச்சிருக்கும். வேகமா சுத்தினா நல்லா மூச்சு வாங்கும். மெதுவா சுத்தினா வாங்கின மூச்சு அப்படியே வெளிய போயிரும். அதான் ஏத்தத்துல சாவுது."

"அப்ப மெதுவா போற கேம் ஒண்ணு செய்."

அவன் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவனைப் போலப் பார்த்தான். அந்த எஞ்சினிலிருந்து ஒரு மைல் கூடுதல் வேகம் எடுப்பதற்காக ஒரு வருசம் கிடந்தவன் அவன். அதை எருமையாக்கச் சொன்னால் கசக்காதா. ஆனாலும் மறுநாள் காலையில் பந்தயக் கேமை ஒரு துணியில் சுற்றி கெர்ட்ரூடிடம் கொடுத்தான்.

"இத எங்கயாவது வையி. வேல முடியிற வரைக்கும் என் கண்ணுல காட்டாத. இதப் பாத்தேன்னா கை தன்னால வேகத்துக்குத்தான் போவும்."

அவள் வாங்கிக்கொண்டாள். சுத்தமான இரும்பு, நல்ல கனம். துணி வெட்டும்போது காகிதம் பறக்காமல் இருக்க மேசையில் பாரமாக வைத்துக்கொண்டாள். அவன்தான் அந்த மேசைப் பக்கமே போகமாட்டானே.

அவன் வேலை செய்த முறையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிஸ்கட் டின் மூடியை வட்டமாக வெட்டி முந்நூற்று அறுபது கோடு கீறி எஞ்சின் முனையில் மாட்டினான். ஒவ்வொரு பத்துக் கோட்டுக்கும் வால்வு எவ்வளவு எழ வேண்டும் என்று தானே யோசித்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான். சின்ன இரும்பில் பிழை தெரியாது என்று, கேமைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காகிதத்தில் வரைந்தான். காகிதம் கெர்ட்ரூட் ஜாக்கெட்டுக்கு அளவு மாதிரி வெட்டும் பழுப்புத் தாள். வரைந்ததை அவளே கத்தரித்துக் கொடுத்தாள். மேடு எங்கேயாவது திடீரென்று ஏறினால் அவன் கண்ணுக்குத் தெரிவதற்கு முந்தியே அவள் கத்தரிக்கோலுக்குத் தெரியும். "இங்க இடிக்குதுங்க" என்பாள். அவன் அழித்துத் திரும்ப வரைவான்.

இரும்புக்கு, உடைந்த லோரியின் அச்சு. புடுவில் ஒரு சீனர் பட்டறையில் கடைசல் பிடித்தோம். அவருக்கும் அவர் ஆட்களுக்கும் ஒரு வாரம் மத்தியானச் சாப்பாடு என் கடையில். மேடு வரவேண்டிய இடத்தில் தட்டை வட்டம் விட்டு இரண்டு தண்டு கடைந்து தந்தார். இரண்டு எதற்கு என்றேன். "ரயில்வேல எதையும் ஒண்ணு மட்டும் செய்ய மாட்டோம்" என்றான் மரியநாயகம். அப்புறம் எல்லாம் அரம்தான். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் தடவிக் கோடு போடுவான், அராவுவான், காலிப்பரால் அளப்பான், திரும்ப நீலம். ஏழு நாள். விரல் நுனியெல்லாம் நீலம். கோயிலில் சாமியார் அவன் நாக்கில் அப்பம் வைக்கும்போது கையைப் பார்த்துவிட்டு, மையில் வேலையா என்று கேட்டாராம்.

அராவின இரும்பின் மேல்தோல் கடினமாக வேண்டும், இல்லாவிட்டால் நூறு மைலில் தேய்ந்துவிடும். அதற்கு எலும்புக்கரி. எலும்புக்கு நான். மாட்டுக்கால் எலும்பு இரண்டு எங்கோ பிடித்து வந்து, கடை அடுப்பில் கருக்கி, இடித்தேன். அந்த வாசனை தெருவில் போனதும் ஆட்கள் தட்டோடு வந்து நின்றுவிட்டார்கள். மாதக்கணக்கில் கறி கண்ணால் பார்க்காத ஜனம்.

"கறியா பாய்?"

"இல்ல. இரும்புக்கு."

"இரும்பு தின்னுமா பாய்?"

யாரும் நம்பவில்லை. மரியாயி என்று ஒரு கிழவி நான் ஒளித்துவைத்திருப்பதாக இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. மரியநாயகம் டின்னில் கரியைப் போட்டு, தண்டைப் புதைத்து, களிமண் பூசி, காலையிலிருந்து மாலை வரை அடுப்பில் செந்தணலாக வைத்திருந்து, எடுத்துத் தேங்காய் எண்ணெயில் தோய்த்தான். அந்த எண்ணெயிலும் என் கடைக்கு ஒரு வாரம் தாளிக்கலாம். சொன்னேன். "ஒரு வாரம் தாளிக்காம இரு" என்றான்.

பதினைந்தாம் நாள் புதுத் தண்டை எஞ்சினுக்குள் பூட்டினான். உதைத்தான். எஞ்சின் பிடிக்கவில்லை. திரும்ப உதைத்தான். அப்போது நடந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. காற்று உறிஞ்ச வேண்டிய பக்கம் வெளியே துப்பியது. புகை போக வேண்டிய குழாய் காற்றை உறிஞ்சியது. குழாய் வாயில் ஒரு காகிதத்தைக் காட்டினேன், அது சப்பென்று ஒட்டிக்கொண்டது.

"அப்ப ஒண்ணு செய்" என்றேன். "குழாய இந்தப் பக்கமும் கார்புரேட்டர அந்தப் பக்கமும் மாட்டிரு. முடிஞ்சுது."

"காத்து வால்வு நெருப்பு தாங்காது பாய். பத்து மைல்ல கருகிப் போவும்." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுதின அளவை எல்லாம் திரும்பக் கூட்டினான். எல்லாம் சரி. வால்வைக் கழற்றிப் பார்த்தான். சரி. எட்டு மணி நேரம் எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தான். மறுநாள் காலையிலும் அங்கேயே. ஐந்து நாள்தான் பாக்கி. மிச்சம் ஒரு தண்டு. எங்கே பிழை என்று தெரியாமல் அதில் அரம் வைக்க முடியாது.

கெர்ட்ரூட் அதற்குள் அவனுக்கு ஒரு சட்டை தைக்க ஆரம்பித்திருந்தாள். சியாமுக்குப் போட்டுக்கொண்டு போவதற்கு என்று அவள் சொல்லவில்லை. பழைய திரைச்சீலைத் துணி, கெட்டியானது. நான் கிழங்கு கொண்டுபோனபோது அவள் கைப்பகுதியை வெட்டப்போனவள், கத்தரியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாய் அண்ணே, அவர கொஞ்சம் இங்க கூப்பிடுங்க."

"அவன்தான் இந்த மேசைக்கு வர மாட்டானே."

"கூப்பிடுங்க சொல்றேன்."

வந்தான். மேசையில் அவன் வரைந்த காகிதக் கேம் கிடந்தது. அதன்மேல் பறக்காமல் இருக்கப் பழைய பந்தயக் கேம். கெர்ட்ரூட் அதை எடுத்து, பல்சக்கரம் மாட்டுகிற வெட்டு கீழே பார்க்கும்படி நிறுத்தினாள். காகிதத்தையும் அதே மாதிரி வெட்டு கீழே வர வைத்தாள்.

"எனக்கு உங்க எஞ்சின் தெரியாது. இதுல பெரிய மேடு வலது பக்கம் சாயுது. காயிதத்துல இடது பக்கம் சாயுது. ஒரு சட்டைக்கு ரெண்டு வலக்கைய வெட்டிட்டு நிக்கிறவ மாதிரி இருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். காகிதத்தைப் புரட்டிப் போட்டான். மேடு வலது பக்கம் வந்தது. அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டான். நீலம் நெற்றியில் ஒட்டியது.

விஷயம் இதுதான். பதினேழு வருசமாக அவன் பார்த்தது நீராவி எஞ்சின். அதில் வால்வை ஆட்டுகிற வட்டு, சக்கரத்து அச்சிலேயே இருக்கும். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே அதுவும் சுற்றும். மோட்டார் சைக்கிளில் கேமைச் சுற்றுவது ஒரு பல்சக்கரம். பல்லோடு பல் சேர்ந்தால் ஒன்று வலம் போக, மற்றது இடம் போகும். அளவெல்லாம் சரியாக எழுதிவிட்டு, வரையும்போது கை ரயில்வேக்காரனின் கையாகவே சுற்றிவிட்டது. பழைய கேமை ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பார்க்கமாட்டேன் என்று துணியில் சுற்றிக் கொடுத்ததும் அவன்தான்.

"மோட்டார் சைக்கிள் ஓட்டறவன் ஒருத்தனுக்கும் இந்தத் தப்பு வராது பாய்" என்றான்.

"நீயும் ஓட்டறவன்தானே?"

"ஓட்டினேன். செஞ்சது ரயில்வேக்காரன்."

ஏழு நாள் வேலையை மூன்று நாளில் செய்தான். அராவி அராவிக் கை மரத்துப்போனால் கெர்ட்ரூட் அரத்தை வாங்கிக்கொள்வாள். அவன் அளந்து சொல்வான், அவள் அராவுவாள். சட்டை தைக்கிறவள் கைக்கு அரைநூல் அளவு பெரிய விஷயமில்லை. நாலாம் நாள் என் அடுப்பு. போன தடவை தட்டோடு வந்தவர்களிடம் இந்தத் தடவை நானே முன்கூட்டியே போய் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் பூட்டி உதைத்தான்.

சத்தம் வந்தது. ஆனால் பழைய சத்தம் இல்லை. டொக், டொக், டொக் என்று, உரலில் யாரோ நிதானமாக இடிப்பது மாதிரி. என் கடையில் ஒரு கிளாஸ்கூட ஆடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கிள்ளானில் எட்டு மூட்டை ஏற்றினோம். ஆபீசர் மூட்டைமேல் பாயைப் போட்டு உட்கார்ந்தான், மடியில் வாள். அவனுக்குப் பக்கத்தில் கிராணி. பெட்டிக்குப் பின்னால் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நான். எனக்கு எஞ்சின் மேல் பயமில்லை. ஓட்டுகிறவன் மேல்தான். ஏற்றத்தைக் கண்டால் பந்தயக்காரன் தூரத்திலிருந்தே முறுக்கி ஏறப் பார்ப்பான். அந்தப் பெட்ரோலில் முறுக்கினால் எஞ்சின் உதைக்கும், சங்கிலி அறும்.

பத்து தீகா என்கிற ஊரைத் தாண்டிப் பெரிய ஏற்றம் வந்தது. பின்னாலிருந்து ஒரு பட்டாள லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. மரியநாயகத்தின் கழுத்து நிமிர்ந்தது. வலது மணிக்கட்டு கொஞ்சம் அசைந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நாயகம்" என்றேன்.

"தெரியும் பாய். பேசாம ஒக்காரு."

மணிக்கட்டை இறக்கினான். வண்டி நடக்கிறவன் வேகத்துக்கு வந்தது. அதற்கும் கீழே. நான் இறங்கிப் பக்கத்திலேயே நடந்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. டொக், டொக் என்று ஒவ்வொன்றாக எண்ணலாம். இருநூறுக்கு மேல் எண்ணினேன், விட்டுவிட்டேன். உச்சி வந்தது. நான் மறுபடி ஏறிக்கொண்டேன். கிராணி திரும்பி உதட்டில் விரலை வைத்தார். ஆபீசர் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். வாய் திறந்திருந்தது. ஒரு ஈ மீசைமேல் நடந்தது. அந்தக் கருவாட்டு நாற்றத்தில் ஒருவன் தூங்குகிறான் என்றால் வண்டி எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் வண்டி நின்றதும்தான் முழித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். ஏதோ சொன்னான். கிராணி எங்களிடம் சொன்னார்:

"ரொம்ப மெதுவான வண்டிங்கிறான்."

மரியநாயகத்தின் வண்டியை அவன் வாழ்நாளில் மெதுவானது என்று யாரும் சொன்னதில்லை. அவன் இடுப்பை வளைத்துக் குனிந்தான். "ஆமாங்கய்யா, மெதுவுதான்" என்றான். ஆபீசர் மூட்டைகளை எண்ணினான். எட்டு. சீட்டை எடுத்து முழங்காலில் வைத்து எழுதி முத்திரை குத்தினான்.

அந்த வாரமே சியாமுக்கு ஆட்கள் போனார்கள். எங்கள் வரிசையிலிருந்து இரண்டு பேர். கிள்ளானுக்குக் கிளம்பின மரியநாயகம், அவர்களைக் கொண்டுபோன லோரி தாண்டும்வரை ஓரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றான். பிறகு இரண்டு வருசம், வாரத்தில் மூன்று நாள், அதே ஏற்றத்தை அதே டொக் டொக்கோடு ஏறினான். கெர்ட்ரூட் தைத்த திரைச்சீலைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு ஓட்டுவான். கருவாட்டு நாற்றம் அதிலிருந்து போகவே இல்லை.

நாற்பத்தைந்து கடைசியில் ஜப்பான்காரன் போய், நல்ல பெட்ரோல் தலைகாட்டியது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன் மேசைப் பக்கம் போய் நின்றான்.

"கெர்ட்ரூட், அந்தப் பழைய கேம கொஞ்சம் எடேன்."

அவள் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டிருந்தாள். பழுப்புத் தாளின்மேல் பந்தயக் கேம் உட்கார்ந்திருந்தது. ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இது வெள்ளிக்கிழம கல்யாணத்துக்கு. வெட்டி முடிச்சுர்றேன், இருங்க."

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் வெட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான்.